பனியில் கருகிய பாம் செடிக்கு வைத்தியம்: தவளக்குப்பம் தாண்டி இருக்கும் நர்சரி பற்றி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர் பட்டுக் கருகிப்போன பாம் (palm, தென்னை, பாக்கு இனத்து அழகுச் செடி) உங்கள் வீட்டில் இருந்தால், வெட்டுவதற்கு முன்னால், தூக்கிக் குப்பையில் போடுவதற்கு முன்னால், ஒரு தடவை இந்த நர்சரியில் காட்டுங்கள். புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் தவளக்குப்பம் தாண்டிப் போனால் பச்சை நிழல்வலை கட்டிய இடம், பெயர்ப்பலகை கிடையாது, வாசலில் உடைந்த சிமெண்டுத் தொட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள், அதுதான் அடையாளம். செடி விற்பதுதான் அவர்களுக்குத் தொழில் என்றாலும், நோய்ப்பட்ட செடியை வாங்கி வைத்துத் தேற்றிக் கொடுக்கிறார்கள். நான் எழுதுவது அந்தச் சேவையைப் பற்றித்தான்.

புதுச்சேரியில் ஏது அவ்வளவு குளிர் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நம் ஊரில் மார்கழி ராத்திரி 20 டிகிரியை ஒட்டி இறங்கினாலே காதில் துண்டு கட்டிக்கொள்கிறோம், அந்தக் குளிர் எந்தப் பாம் செடியையும் ஒன்றும் செய்யாது. எங்களுக்கு வந்த சிக்கல் ஊட்டியிலிருந்து வந்தது. என் நாத்தனார் குடும்பம் பல வருஷம் ஊட்டியில் காந்தல் பக்கம் இருந்தது, அவர் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் தை மாதத்தில் லாஸ்பேட்டைக்குக் குடி வந்தார்கள். அங்கே கண்ணாடி அடைத்த வராந்தாவில் அருமையாக வளர்த்து வைத்திருந்த பாம் தொட்டிகள் நான்கு: இரண்டு அரேகா, ஒரு ரேபிஸ், ஒரு பாட்டில் பாம். சாமான் ஏற்ற வந்த ஆட்கள் பீரோவை வெளியே எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று முதல் நாள் சாயங்காலமே தொட்டிகளை வாசலில் வரிசையாக வைத்துவிட்டுப் போய்விட்டார்கள், வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி உறைபனி.

உறைபனி எப்படி வேலை செய்கிறது என்பதை நர்சரித் தம்பி சொல்லித்தான் எனக்கே புரிந்தது. மேகமே இல்லாமல், காற்றும் அசையாமல் இருக்கும் ராத்திரியில் தரையும் இலையும் தங்கள் சூட்டையெல்லாம் வானத்துக்கு விட்டுவிடும், சுற்றியுள்ள காற்றைவிட இலை இன்னும் குளிர்ந்துபோகும். அதனால்தான் கூரையின் கீழே இருக்கும் செடி தப்பித்துக்கொள்ளும், நான்கு அடி தள்ளித் திறந்தவெளியில் இருக்கும் அதே செடி மாட்டிக்கொள்ளும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் பனிக்காலம் வந்தால் செடிகளை மூடி வைக்கிறார்களே, அதற்கும் காரணம் இதுதான். தொட்டிச் செடிக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. தரையில் நட்ட மரத்தின் வேரை மண்ணின் சூடு காப்பாற்றும், தொட்டியில் நாலாபுறமும் குளிர் ஏறும், வேரும் சேர்ந்து அடிபடும்.

காலையில் லாரியில் ஏற்றும்போது செடி பச்சையாகத்தான் இருந்ததாம், இலை மட்டும் வெந்த கீரை மாதிரி கரும்பச்சையாகத் துவண்டிருந்ததாம். லாஸ்பேட்டை வந்து இறங்கி இரண்டு மூன்று நாளில் எல்லா மட்டையும் பழுப்பாகிவிட்டது. உறைபனிப் பாதிப்பு இப்படித்தான் தாமதமாக வெளியே தெரியும். செல்லுக்கு வெளியே ஐஸ் உண்டாகி உள்ளே இருக்கும் ஈரத்தை இழுத்துவிடும், சவ்வு கிழிந்துவிடும், ஆனால் அந்த இடம் காய்ந்து பழுப்பாவதற்குச் சில நாள் ஆகும். நாத்தனார் அழாத குறை. அந்த பாட்டில் பாம் அவர் மகள் பிறந்த வருஷம் வாங்கியது.

முதலில் ஊருக்குள் இருக்கும் வேறொரு நர்சரியில் விசாரித்தோம். பெயர் வேண்டாம். செடியைப் பார்க்காமலேயே, "எல்லா மட்டையும் வெட்டிடுங்க, புது மண்ணுல மாத்துங்க, 19:19:19 உரம் கரைச்சு ஊத்துங்க, துளிர்த்துடும்" என்றார்கள். ரோஜாவுக்கோ செம்பருத்திக்கோ அது ஓரளவு சரியாக இருக்கலாம். பாம் செடிக்கு அந்த மூன்றுமே தப்பு. பிறகு அரியாங்குப்பத்தில் இருக்கும் எங்கள் உறவுக்காரர் ஒருவர்தான் இந்த இடத்தைச் சொன்னார்.

நர்சரியைப் பார்த்துக்கொள்வது நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி. கூடவே அவர் அப்பா, பாகூர் பக்கம் தென்னந்தோப்புகளில் காலமெல்லாம் வேலை பார்த்தவர். செடியை இறக்கி வைத்ததும் தம்பி இலையைப் பார்க்கவே இல்லை, நேராகக் குருத்தைப் பிடித்தார். ஒவ்வொரு தண்டிலும் நடுவில் ஈட்டி மாதிரி நிற்கும் அந்த விரியாத இலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து மெதுவாக, பிடுங்குகிற அளவுக்கு இல்லாமல், மேலே இழுத்துப் பார்த்தார். ரேபிஸில் எல்லாக் குருத்தும் கெட்டியாக இருந்தது. அரேகாவில் இரண்டு தண்டில் ஆடியது, மற்றவை உறுதி. பாட்டில் பாமின் குருத்தை இழுத்ததும் சத்தமே இல்லாமல் முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அடியில் ஒரு சாண் நீளத்துக்குக் கொழகொழவென்று காப்பி நிறத்தில் அழுகியிருந்தது, புளித்த மாவும் சாக்கடையும் கலந்த ஒரு நாற்றம். நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் மட்டும் அந்தக் குருத்தை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டு, குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். "கீழ வெள்ளையா இருக்கும்மா, உயிர் இருக்கு, ஆனா சொல்ல முடியாது" என்றார்.

அந்த "சொல்ல முடியாது"தான் எனக்கு இந்த இடத்தின் மேல் நம்பிக்கை வரக் காரணம். கண்டிப்பாகப் பிழைக்கும் என்று சொல்லிப் பணம் வாங்கவும் இல்லை, செத்துப்போச்சு, புதுசு வாங்கிக்கோங்க என்று தள்ளிவிடவும் இல்லை.

பாம் வகையில் ஒரு தண்டுக்கு ஒரே ஒரு வளரும் மொட்டுதான். தென்னை, பனை, பாக்கு எல்லாவற்றுக்கும் இதே கதை. மாமரத்தில் ஒரு கிளை போனால் பக்கத்தில் பத்து கிளை வரும், தென்னையில் குருத்தின் அடியில் இருக்கும் அந்த மொட்டு போனால் மரம் போனது போனதுதான். நம் ஊர்த் தென்னை விவசாயிகளுக்குக் குருத்தழுகல் நோய் என்றால் வயிற்றைக் கலக்குவது இதனால்தான். தொட்டியில் வளரும் பாமிலும் ரகத்தைப் பொறுத்து வித்தியாசம் இருக்கிறது. அரேகாவும் ரேபிஸும் புதராகப் பல தண்டு விடும், ஒரு தண்டு செத்தாலும் பக்கக் கன்று வந்து இடத்தை நிரப்பிவிடும். பாட்டில் பாம், ஃபாக்ஸ்டெயில் மாதிரி ஒற்றைத் தண்டு ரகங்களுக்கு அந்த வாய்ப்பே கிடையாது.

குளிரைத் தாங்கும் சக்தியும் ரகத்துக்கு ரகம் மாறும், செடி எந்த ஊரிலிருந்து வந்தது என்று பார்த்தாலே பாதி புரிந்துவிடும். ரேபிஸ் தென்சீனாவைச் சேர்ந்தது, பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி வரைக்கும் தாக்குப்பிடிக்கும். அரேகா மடகாஸ்கர், பூஜ்யத்தை நெருங்கினாலே இலை போய்விடும். பாட்டில் பாம் மொரீஷியஸ் பக்கத்தில் இருக்கும் ரவுண்ட் தீவைச் சேர்ந்த செடி, காட்டில் ஏறக்குறைய அழிந்தே போய்விட்ட ரகம், வெயிலும் கடல் காற்றும் தவிர வேறு எதுவும் அதற்குத் தெரியாது. எங்கள் தொட்டிகளில் அடி விழுந்ததும் அச்சு அசல் இதே வரிசையில்தான்.

சரி, என்ன வைத்தியம் செய்தார்கள்?

பாட்டில் பாமைத்தான் முதலில் எடுத்தார்கள். அழுகின குருத்து இருந்த குழிக்குள் மிச்சம் இருந்த சேற்றை ஒரு கரண்டிக் காம்பில் துணி சுற்றி, வெள்ளைப் பகுதியைக் கீறிவிடாமல் வழித்து எடுத்தார்கள். பிறகு மருந்துக் கடையில் புண் கழுவ விற்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொஞ்சமாக உள்ளே ஊற்றினார்கள். புஸ்ஸென்று நுரைத்துக்கொண்டு பழுப்பாக மேலே வந்தது. தொட்டியைச் சாய்த்து வடியவிட்டு, நுரை அடங்குகிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஊற்றினார்கள். குழி காய்ந்த பிறகுதான் பூஞ்சையைக் கொல்லும் தாமிர மருந்து.

தாமிர மருந்தில் பெரியவர் பழைய ஆள். கடையில் காப்பர் ஆக்சிகுளோரைடு பொடி பாக்கெட்டாகக் கிடைக்கிறது, லிட்டருக்கு 3 கிராம் கலந்தால் போதும். மற்ற தொட்டிகளுக்கு அதைத்தான் தெளித்தார்கள். ஆனால் பாட்டில் பாமுக்குத் தன் கையாலேயே போர்டோ கலவை செய்தார். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 10 கிராம் அரை லிட்டர் தண்ணீரில், சுட்ட சுண்ணாம்பு 10 கிராம் இன்னொரு அரை லிட்டரில், இரண்டும் பிளாஸ்டிக் வாளியில், இரும்புப் பாத்திரம் ஆகவே ஆகாது. சுண்ணாம்புத் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே துத்தத் தண்ணீரை அதில் ஊற்றினார். வானம் வெளுத்த மாதிரி ஒரு நீலம் வந்தது. அப்புறம் ஒரு சின்ன இரும்புக் கத்தியை உள்ளே விட்டு எடுத்து வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கத்தியில் செம்பு நிறம் ஒட்டினால் துத்தம் தூக்கலாக இருக்கிறது, செடியைச் சுட்டுவிடும், இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். முதல் தடவை லேசாகச் சிவப்புத் தெரிந்தது. ஒரு சிட்டிகை சுண்ணாம்பு போட்டார், மறுபடி கத்தியைத் தேய்த்துக் கழுவி விட்டுப் பார்த்தார், சுத்தமாக வந்தது. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டுமாம், மறுநாளைக்கு வைத்தால் பலன் இல்லை.

பத்து நாள் கழித்து எல்லாத் தொட்டிக்கும் இன்னொரு தடவை. அதோடு தாமிரம் நிறுத்தம். இதில் தம்பி கறாராக இருந்தார். தாமிரம் சேரச் சேரப் பாமுக்கே விஷம், இரண்டு முறைக்கு மேல் போகக் கூடாது, இன்னும் தேவைப்பட்டால் மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லிக்கு மாறலாம். நாத்தனார் வீட்டில் நோய்ப் பூஞ்சையை அடக்கப் போடும் ட்ரைக்கோடெர்மா பாக்கெட் இருந்தது, இதையும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார், அதுவும் ஒரு பூஞ்சைதானே, தாமிரம் அதையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

இப்போது வெட்டும் விஷயத்துக்கு வருகிறேன். எங்களுக்கும் அவர்களுக்கும் இழுபறி நடந்தது இதில்தான்.

அரேகா இரண்டும் பார்க்கவே சகிக்கவில்லை. முக்கால்வாசி பழுப்பு, நடுநரம்பை ஒட்டி மட்டும் பச்சை. நாத்தனார், "இதை வெட்டிட்டா பாக்க நல்லா இருக்குமே தம்பி" என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். "அக்கா, ஒரு விரக்கடை பச்சை இருந்தாலும் அதுதான் இப்ப செடிக்குச் சோறு போடுது. அதையும் வெட்டிட்டா எதை வெச்சு துளிர்க்கும்?" என்றார். அத்தோடு இன்னொரு காரணமும் சொன்னார். காய்ந்த மட்டைகூடக் குருத்தைச் சுற்றி ஒரு போர்வையாக நின்று வெயிலிலிருந்தும் அடுத்த குளிரிலிருந்தும் மொட்டைக் காக்கிறது, வெட்டினால் பச்சைக் காயம் வேறு, அதன் வழியாகப் பூஞ்சை உள்ளே இறங்கும். முழுக்கக் காய்ந்து மொறமொறவென்று ஆனதை மட்டும், அதுவும் புதுக் குருத்து தள்ள ஆரம்பித்த பிறகு, தண்டை ஒட்டி வெட்டாமல் காம்பில் கொஞ்சம் விட்டு வெட்டினார்கள்.

இந்தப் பொறுமைதான் இந்த இடத்தின் பலம் என்று நான் நினைக்கிறேன். வெட்டிப் பளிச்சென்று ஆக்கிக் கொடுத்தால் வாடிக்கையாளருக்கு உடனே திருப்தி, காசு கொடுத்ததற்கு ஏதோ வேலை நடந்ததாகத் தெரியும். கருகிய செடியைக் கருகினபடியே வைத்துக்கொண்டு, வந்து பார்க்கிறவர்களிடமெல்லாம் பேச்சு வாங்கிக்கொண்டு, வளரட்டும் என்று காத்திருப்பதற்குத் தைரியம் வேண்டும். பெரியவர் இதை ‘தானே’ என்று பெயரிட்ட புயலில் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். 2011 டிசம்பர் 30-ம் தேதி காலை புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில் கரை ஏறிய அந்தப் புயலில் இந்தப் பக்கத்துத் தோப்புகள் என்ன ஆனது என்று நம் எல்லாருக்கும் தெரியும். விழுந்தது போக, மட்டையெல்லாம் முறிந்து மொட்டையாக நின்ற தென்னைகளை அவசரப்பட்டு வெட்டி விற்றவர்கள் உண்டு, குருத்து நிற்கிறதா என்று பார்த்துக் காத்திருந்தவர்களும் உண்டு. காத்திருந்த தோப்பில் பல மரங்கள் மறுபடி காய்த்ததை அவர் பார்த்திருக்கிறார்.

தண்ணீர் விஷயத்தில் அவர்கள் சொன்னதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இலை போய்விட்ட செடி குடிக்கும் தண்ணீர் ரொம்பக் குறைவு. நாம் பாவம் வாடிப்போச்சே என்று தினமும் ஊற்றுவோம், அடிபட்ட வேர் ஈரத்திலேயே கிடந்து அழுகிவிடும். தொட்டியைச் சாய்த்துத் தூக்கிப் பார்த்துக் கனம் குறைந்திருந்தால் மட்டும், விரலை இரண்டு கணு வரை விட்டு மண் உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றினார்கள். ஊட்டியிலிருந்து வந்த மண் கருப்பாக, தண்ணீரை விடாமல் பிடித்துவைக்கும் மண். அதை உடனே மாற்றிவிடலாமே என்று நான் கேட்டதற்கு, அடிபட்ட வேரை இப்போது கலைத்தால் இருக்கிற நாலு வேரும் அறுந்துபோகும் என்று தம்பி மறுத்துவிட்டார், தொட்டிக்கு அடியில் அடைத்திருந்த துளைகளை மட்டும் கம்பி விட்டுத் திறந்தார், தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தார். குருத்தின் மேல் தண்ணீர் படவே கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும்.

இன்னொன்று, கடற்கரை ஓரத்து போர்வெல் தண்ணீர் நிறைய இடங்களில் உப்பு. உப்புத் தண்ணீரும் இலை நுனியைக் கருக்கும், அது குளிர்ப் பாதிப்பா உப்பா என்று குழப்பிவிடும். இவர்கள் மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்து நோய்ப்பட்ட செடிகளுக்கு மட்டும் அதைக் கொடுக்கிறார்கள். இதற்காகவே ஒரு மார்க் கூடப் போடலாம்.

நிழல் இன்னொரு முக்கியமான வேலை. 0 டிகிரிக் குளிரில் இருந்துவிட்டு அடுத்த நாளே 30 டிகிரியில் நிற்கும் செடியை நேர் வெயிலில் வைத்தால் மிச்சம் இருக்கும் பச்சையும் பொசுங்கிவிடும். நிழல்வலைக்குக் கீழே, காற்று வரும் இடத்தில், சுவரை ஒட்டாமல் வைத்திருந்தார்கள். பங்குனிக்குப் பிறகுதான் காலை வெயில் கொஞ்சம் கொஞ்சமாக. கத்திரி வெயிலில் மறுபடி உள்ளே. உலர்ந்த காலத்தில் அரேகாவுக்குச் செம்பேன் வரும், இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை தெரியும். அதைக் கண்டதும் ஈரத் துணியால் இலையின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிட்டார்கள், மருந்து எதுவும் அடிக்கவில்லை.

உரம் பற்றிக் கேட்டால் ஒரே பதில்தான், புது இலை விரியும் வரை ஒரு துளி உரம் கிடையாது. வேர் உறிஞ்சும் நிலையில் இல்லாதபோது போடும் உரம் உப்பாகத் தங்கி வேரைச் சுடும். புது இலை வந்த பிறகு மண்புழு உரம் கொஞ்சம், அப்புறம் பொட்டாஷும், மக்னீசியத்துக்காக எப்சம் உப்பும். பாம் செடிக்குத் தழைச்சத்தைவிட இந்த இரண்டும்தான் முக்கியமாம். கீழ் மட்டையில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் வந்தால் அது பொட்டாஷ் குறைவு, அந்த மட்டையை அசிங்கமாக இருக்கிறதே என்று வெட்டினால் செடி அதற்கு மேல் இருக்கும் மட்டையிலிருந்து பொட்டாஷை உறிஞ்ச ஆரம்பிக்கும், புள்ளி ஒவ்வொரு அடுக்காக மேலே ஏறும். இதைக் கேட்ட பிறகு எங்கள் தெருவில் அரேகா வைத்திருக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பலன் என்ன என்றால், ரேபிஸ் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டது, நுனி கருகியதைத் தவிர அதற்கு ஒன்றும் இல்லை. அரேகாவில் குருத்து ஆடிய தண்டு இரண்டும் செத்தன, அவற்றை மட்டும் அடியோடு எடுத்தார்கள். மற்ற தண்டுகளில் பங்குனி கடைசியில் குருத்து தள்ளியது. முதல் இலையைப் பார்த்து நாத்தனார் பயந்துவிட்டார், குட்டையாக, சுருங்கி, நுனியெல்லாம் பழுப்பாக இருந்தது. குளிர் அடித்தபோது உள்ளே பிஞ்சாக இருந்த இலை அது, அடிபட்டதை அப்படியே சுமந்துகொண்டுதான் வெளியே வரும், ஒன்றிரண்டு இலை இப்படி வந்த பிறகு சரியான இலை வரும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். அப்படியே நடந்தது. இப்போது ஆவணியில் இரண்டு தொட்டியும் லாஸ்பேட்டை வீட்டு வாசலில் பச்சையாக நிற்கின்றன, அடியிலிருந்து புதுக் கன்று வேறு வந்திருக்கிறது.

பாட்டில் பாம் வைகாசி வரைக்கும் அசையவே இல்லை. ஆனியில் குழியின் ஓரத்தில் ஒரு பச்சை முனை தெரிகிறது என்று தம்பி போட்டோ அனுப்பினார். ஆடியில் விரல் நீளத்துக்கு முறுக்கிக்கொண்டு ஒரு இலை. இப்போது இரண்டாவது இலை கொஞ்சம் நேராக வருகிறது. இன்னும் முழுசாகப் பிழைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன், அவர்களும் சொல்லவில்லை. பாம் தண்டுக்குள் தண்ணீர் ஏற்றும் குழாய்கள் குளிரில் கெட்டுப்போனால் மறுபடி புதுசாக உண்டாகாது, மற்ற மரங்கள் மாதிரி வருஷா வருஷம் புதுக் கட்டை சேர்க்கும் அமைப்பு அதற்கு இல்லை. வெளியே துளிர்த்து நன்றாக இருப்பது போலத் தெரிந்து, மாதங்கள் கழித்து ஒரு கடும் வெயிலில் திடீரென்று சாய்ந்துவிடலாம். அதனால் தண்டை அவ்வப்போது அமுக்கிப் பார்க்கிறார்கள், எங்கேயும் மெத்தென்று இல்லை, அது நல்ல அறிகுறி. வருகிற மழைக்காலம் முழுக்க அதை அவர்களிடமே, மழை குருத்தில் விழாதபடி தகரக் கூரைக்குக் கீழே விட்டுவைப்பதாக முடிவு செய்திருக்கிறோம்.

குறைகளும் இருக்கின்றன, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போன் எடுக்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் ராத்திரி பத்து மணிக்கு பதில் வரும், சில சமயம் வராது. செடியை ஒப்படைத்தால் ரசீது கிடையாது, தொட்டியில் பெயர் எழுதி ஒட்டும் பழக்கமும் இல்லை, ஒரு தடவை எங்கள் அரேகாவையும் வேறு யாருடையதோ அரேகாவையும் மாற்றி எடுத்துவைத்துவிட்டார்கள், தொட்டியின் விரிசலை வைத்து நாத்தனார்தான் கண்டுபிடித்தார். நீங்கள் கொடுக்கும்போதே தொட்டியில் பெயிண்டால் பெயர் எழுதிக் கொடுத்துவிடுங்கள், கையோடு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி வைத்து எடுத்துப் போவதும் கொண்டுவருவதும் நம் பொறுப்பு, பெரிய தொட்டி என்றால் குட்டியானைக்குக் கொடுக்கும் வாடகை வைத்தியச் செலவைவிட அதிகமாகிவிடும். கட்டணம் தொட்டிக்கு மாதம் 150 ரூபாய், மருந்துச் செலவு தனி. பாட்டில் பாம் மாதிரி மோசமான கேஸுக்கு 250 கேட்டார்கள். செய்த வேலைக்கு இது அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் விற்பனைக்கு வைத்திருக்கும் சிமெண்டுத் தொட்டிகளின் விலை அதிகம், அதை வேறு இடத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் சம்பந்தமே இல்லாதவர்களுக்கும் இந்த இடம் பயன்படும். நான் போனபோது பார்த்த நோய்ப்பட்ட செடிகளில் பாதிக்கு மேல் ஏசி அறைகளிலிருந்து வந்தவை, துணிக்கடை, கல்யாண மண்டபம், விடுதி வரவேற்பறை. ஏசியில் 20 டிகிரி இருக்கும்போது அரேகா உறைந்துவிடாது, அங்கே பிரச்சினை காற்று. ஏசிக்கு நேர் எதிரே குளிர்ந்த உலர்ந்த காற்று நாள் முழுக்க ஒரே பக்கம் அடித்தால் அந்தப் பக்கத்து நுனிகள் மட்டும் காயும். உறைபனியில் செடி மேலிருந்து மொத்தமாகக் கருகும், ஏசியில் ஒரு பக்கமாக நுனியிலிருந்து காயும், இந்த வித்தியாசத்தைப் பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும். ஏசி கேஸுக்குப் பெரும்பாலும் மருந்தே தேவையில்லை, இடத்தை மாற்றினால் போதும் என்று காசு வாங்காமல் திருப்பி அனுப்பியதை என் கண்ணால் பார்த்தேன்.

போகிறவர்கள் காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள், பெரியவர் அப்போதுதான் இருப்பார், மதியத்துக்கு மேல் பாகூர் போய்விடுகிறார். குருத்து கழன்று வந்துவிட்டது என்றால் மட்டும் நாள் கடத்தாதீர்கள், அந்தக் குருத்தையும் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள், அதன் அடியைப் பார்த்துத்தான் அழுகல் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று சொல்கிறார்கள். மற்றபடி இலை மட்டும் கருகியிருந்தால் அவசரம் இல்லை, கத்தரிக்கோலை உள்ளே வைத்துவிட்டு, நிழலில் தள்ளி வைத்து, தண்ணீரைக் குறைத்துவிட்டு, வண்டி கிடைக்கும் நாளில் கொண்டுபோனால் போதும்.